சாச்சுரேஷன் எவ்வளவு?

கொரோனாவுக்குப் பிறகு பல்ஸ் ஆக்சிமீட்டரை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மருந்துக்கடையில் வாங்கி விரலில் மாட்டி, 97 என்றால் நிம்மதியாகவும் 93 என்றால் பதற்றமாகவும் நாட்களைக் கழித்த குடும்பங்கள் நம் ஊரில் எத்தனையோ. ஆனால் அந்தக் கருவி தன் முழுத் திறமையையும் காட்டுகிற இடம் ஆபரேஷன் தியேட்டர்தான். நான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். என் வேலை நேரம் முழுவதும் அதன் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைப் பற்றியும், திரையில் ஓடும் எண், அதாவது ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று சொல்லும் சாச்சுரேஷன், எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நம்மைப் போன்ற மாநிறத்தவர்களும் கறுத்த தோல்காரர்களும் அந்த எண்ணிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், மயக்க மருந்து கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முழு மயக்கம் என்றால் வெறும் தூக்கம் இல்லை. தசைகளைத் தளர்த்தும் ஊசியைப் போட்டதும் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். நெஞ்சு ஏறி இறங்காது. தொண்டைக்குள் குழாயைச் செலுத்தி மெஷினோடு இணைக்கும் வரைக்கும் அவர் உடம்பில் இருக்கும் ஆக்சிஜன் மட்டும்தான் அவருக்குக் கையிருப்பு. அதனால்தான் மருந்துக்கு முன்னால் முகத்தில் மாஸ்க்கை வைத்து, "நல்லா இழுத்து மூச்சு விடுங்கம்மா" என்று மூன்று நிமிடம் போல சுத்தமான ஆக்சிஜன் கொடுக்கிறோம். நுரையீரலில் இருக்கும் நைட்ரஜன் வெளியேறி அந்த இடத்தை ஆக்சிஜன் நிரப்பிவிடும். அப்படி நிரப்பிக்கொண்டால், ஆரோக்கியமான பெரியவருக்கு மூச்சே இல்லாமல் ஏழெட்டு நிமிடம் தாங்கும். நல்ல பருமனான உடம்பு என்றால் மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடலாம். நிறைமாத கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் அவகாசம் குறைவு. ஆக்சிஜன் நிரப்பாமலே ஊசி போட்டால் யாராக இருந்தாலும் ஒரு நிமிடம், அதற்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான்.

அந்தக் கையிருப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துவைத்திருக்கும் விதம் அப்படி. தொடக்கத்தில் நுரையீரலில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தாலும் ஹீமோகுளோபின் விட்டுக்கொடுக்காது. சாச்சுரேஷன் 99, 98 என்று நின்றுகொண்டே இருக்கும். 90-க்கு வரும்போது ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 60 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு வந்திருக்கும். அதற்குக் கீழே போனால் சரிவு மிக வேகம். மேட்டுநிலத்தில் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று விளிம்புக்கு வந்து நிற்பது போல. விளிம்பு வருகிறது என்று முன்கூட்டியே யாராவது சொன்னால்தான் உயிர் பிழைக்கும். 100-க்கும் 90-க்கும் நடுவில் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இந்தக் கருவியை நான் இவ்வளவு நேசிக்கிறேன்.

இந்தக் கருவி வருவதற்கு முன்னால் எப்படிச் சமாளித்தார்கள்? எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்த மேடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு கை பாயில்ஸ் என்ற அந்தக் கால மயக்க மருந்து மெஷினின் பையை அழுத்திக்கொண்டிருக்கும். இன்னொரு கையின் விரல்கள் நோயாளியின் நாடியில் இருக்கும். நெஞ்சின் மேல் ஒரு ஸ்டெதஸ்கோப் தலையை பிளாஸ்திரி போட்டு ஒட்டி, அதன் குழாயை ஒரே காதில் மாட்டிக்கொண்டு இதயத் துடிப்பையும் மூச்சையும் மணிக்கணக்கில் கேட்பார்கள். கண்கள் நோயாளியின் உதட்டையும் காதுமடலையும் நகத்தையும் சுற்றிக்கொண்டே இருக்கும். "சார், ரத்தம் கறுப்பா வருதா?" என்று சர்ஜனிடம் அடிக்கடி கேட்பார்கள். அந்தத் தலைமுறையின் கவனம் எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் அந்தக் கவனத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. கோம்ரோ, பொட்டெல்ஹோ என்ற இரு ஆய்வாளர்கள் 1947-ல் வெளியிட்ட ஆய்வு அதை அப்பட்டமாகக் காட்டியது. ஆக்சிஜனைக் குறைத்துச் சுவாசிக்க வைத்தவர்களின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல 127 பேரை அமர்த்தினார்கள். சாச்சுரேஷன் 80 அளவுக்கு இறங்கும் வரைக்கும் அவர்களில் பெரும்பாலோரால் நீலம் பாரித்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 80 என்றால் விளிம்பைத் தாண்டி விழுந்துகொண்டிருக்கும் கட்டம்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. உடம்பு நீலமாகத் தெரிய வேண்டுமானால் நுண்குழாய் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 5 கிராம் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழந்திருக்க வேண்டும். மொத்த ஹீமோகுளோபினே 6 கிராம் என்று வருகிற பெண்களை நான் இன்றும் பார்க்கிறேன். அவர்கள் ஆக்சிஜன் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தாலும் நீலமாக மாட்டார்கள், வெளுத்துத்தான் கிடப்பார்கள். உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு எதுவுமே தெரிய வராது.

மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பலாம். அதுதான் துல்லியமான அளவு, இன்றைக்கும் அதுவே உரைகல். ஆனால் அது அந்த ஒரு கணத்தின் அளவு. ரிப்போர்ட் திரும்பி வரும்போது நோயாளி வேறு நிலையில் இருப்பார். எங்களுக்கு வேண்டியது ஊசி இல்லாமல், இடைவிடாமல், ஒவ்வொரு துடிப்புக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒன்று.

இதற்கு ஒளியைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை பழையது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் நல்ல சிவப்பு, இழந்த ரத்தம் கருஞ்சிவப்பு. அப்படியென்றால் தோல் வழியாக ஒளியைப் பாய்ச்சி எவ்வளவு மறுபக்கம் வருகிறது என்று அளந்தால் போதுமே? ஜெர்மனியில் கார்ல் மத்தெஸ் 1935-ல் இரண்டு அலைநீளங்களைக் கொண்டு காதுமடலில் இதைச் செய்து பார்த்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உயரப் பறக்கும் விமானிகள் நினைவு தப்புவதைத் தடுக்க அமெரிக்காவில் கிளென் மில்லிகன் காதில் மாட்டும் ஒரு சிறிய கருவியை உருவாக்கினார். ஆனாலும் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொண்டார்கள். காதின் ஊடே போகும் ஒளி தமனி ரத்தத்தை மட்டும் தொட்டுவிட்டு வருவதில்லை. தோல், தசை, சிரை ரத்தம், நுண்குழாய் ரத்தம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொலைந்துதான் வருகிறது. நமக்கு வேண்டியது தமனி ரத்தத்தின் கணக்கு மட்டும். அதை எப்படிப் பிரித்தெடுப்பது? காதை அழுத்திப் பிழிந்து ரத்தமில்லாத நிலையில் ஒரு முறை அளந்து கழித்துப் பார்த்தார்கள். காதைச் சூடேற்றி, அதில் ஓடும் ரத்தம் எல்லாமே தமனி ரத்தம் போல ஆகட்டும் என்று பார்த்தார்கள். ஹ்யூலெட்-பேக்கார்ட் நிறுவனம் எட்டு அலைநீளங்களோடு ஒரு கருவியையே விற்றது. நுரையீரல் ஆய்வுக்கூடத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அவ்வளவு பெரிய, விலை கூடிய சாமானைத் தியேட்டருக்குள் தலைமாட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

முடிச்சை அவிழ்த்தவர் டகுவோ அயோயாகி. ஜப்பானில் நீகாட்டா மாகாணத்தில் 1936-ல் பிறந்த பொறியாளர். டாக்டர் அல்ல. 1971-ல் டோக்கியோவில் நிஹோன் கோடென் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் அங்கே தேடிக்கொண்டிருந்தது ஆக்சிஜனையே அல்ல. இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தை வெளித்தள்ளுகிறது என்று அளக்க ஒரு முறை உண்டு. நரம்பில் ஒரு சாயத்தைச் செலுத்தி, அது ரத்தத்தில் எப்படிக் கலந்து நீர்த்துப்போகிறது என்று பார்ப்பார்கள். அதற்குத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தம் எடுக்காமல் காதுமடல் வழியாக ஒளியை வைத்தே சாயத்தைப் பின்தொடர முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

முடிந்தது. ஆனால் பதிவான கோட்டில் ஒரு தொல்லை. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் காதில் ரத்தம் நிறைந்து வடிகிறதல்லவா, அதனால் கோடு சீராக இறங்காமல் நடுங்கிக்கொண்டே இறங்கியது. அந்த நடுக்கத்தைத் துடைத்தெறிய, சாயம் உறிஞ்சாத இன்னொரு அலைநீளத்தையும் சேர்த்துப் பாய்ச்சி, இரண்டின் விகிதத்தை எடுத்தார். நடுக்கம் அழிந்தது. ஆனால் சாச்சுரேஷன் மாறினால் உடனே அந்தச் சமன்பாடு குலைந்து நடுக்கம் திரும்பி வந்தது.

இங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டு யோசித்தார். சாச்சுரேஷன் மாறும்போது துடிப்பின் நடுக்கத்தை அழிக்க முடியாமல் போகிறது என்றால், அந்தத் துடிப்புக்குள் சாச்சுரேஷன் இருக்கிறது. உடம்பில் துடிப்பது தமனி ரத்தம் மட்டும்தான். தோல் துடிக்காது, எலும்பு துடிக்காது, சிரை ரத்தம் பெரும்பாலும் துடிக்காது. ஆக, வரும் ஒளியில் ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், இத்தனை வருடம் எல்லோரும் காதைப் பிழிந்தும் சூடாக்கியும் தேடிய தமனி ரத்தம் தானாகவே தனியாக வந்துவிடுகிறது! 1972-ன் இறுதியில் அவருக்கு இது பிடிபட்டது. உடன் வேலை செய்த மிச்சியோ கிஷியோடு சேர்ந்து கருவியைக் கட்டினார். 1974 மார்ச்சில் நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அடுத்த மாதமே ஒசாகாவில் நடந்த மருத்துவ மின்னணுவியல் மாநாட்டில் அயோயாகி தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். சப்போரோவில் சுசுமு நகாஜிமா என்ற அறுவை மருத்துவர் நோயாளிகளிடம் அதைச் சோதித்து 1975-ல் எழுதினார். இத்தனை பேர் குப்பை என்று ஒதுக்கிய நடுக்கத்துக்குள் ஒரு மனிதர் உயிரைப் பார்த்தார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அதன் பிறகு நடந்தது கொஞ்சம் வருத்தமான கதை. நிஹோன் கோடென் அந்தக் கருவியைத் தொடர்ந்து வளர்க்கவில்லை, வெளிநாடுகளில் காப்புரிமையும் வாங்கவில்லை. மினோல்டா நிறுவனம் 1977-ல் காதை விட்டு விரல்நுனிக்கு வந்தது. அமெரிக்காவில் பயாக்ஸ் நிறுவனம் பல்புக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகளைப் பயன்படுத்தியது. வில்லியம் நியூ என்ற மயக்கவியல் மருத்துவர் இதை ஆபரேஷன் தியேட்டருக்கான கருவியாகப் பார்த்து, நண்பர்களோடு நெல்கோர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1983-ல் வந்த அவர்களுடைய என்-100 ஆக்சிமீட்டர் உலகத் தியேட்டர்களின் சத்தத்தையே மாற்றியது. அயோயாகியின் பெயர் ஜப்பானுக்கு வெளியே பரவலாகத் தெரிந்ததே அமெரிக்க மயக்கவியல் ஆய்வாளர் ஜான் செவரிங்ஹாஸ் போன்றவர்கள் தேடிப் போய் அவர் கதையை எழுதிய பிறகுதான். 2015-ல் மின்பொறியாளர்களின் சர்வதேசச் சங்கமான ஐ.ட்ரிபிள்.ஈ. அவருக்குப் பதக்கம் கொடுத்தது. 2020 ஏப்ரலில் அவர் காலமானார். உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு இந்தக் கருவியை வாங்கத் தொடங்கிய மாதங்கள் அவை.

நெல்கோர் கொண்டுவந்த அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு 'பீப்'. சாச்சுரேஷன் இறங்கினால் ஸ்ருதியும் இறங்கும். இதுதான் அதன் மேதைமை என்று நினைக்கிறேன். நான் குனிந்து மருந்து இழுத்துக்கொண்டிருப்பேன், ரத்தப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பேன், தொண்டைக்குள் லாரிங்கோஸ்கோப்பை வைத்துக் குரல்நாண்களைத் தேடிக்கொண்டிருப்பேன். கண் திரையில் இருக்காது. ஆனால் காது தானாகவே கேட்டுக்கொண்டிருக்கும். ஸ்ருதி அரைப்படி இறங்கினால் என் கை நின்றுவிடும், தலை நிமிர்ந்துவிடும். சங்கீதம் தெரிய வேண்டிய அவசியமில்லை. பயிற்சிக்கு வந்த சில மாதங்களிலேயே எல்லா மாணவர்களுக்கும் இது வந்துவிடுகிறது. அதனால்தான் "மேடம், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா" என்று யார் கேட்டாலும் நான் சம்மதிப்பதில்லை. தியேட்டரில் பாட்டுப் போடட்டும், எனக்கும் ராஜா பாட்டுப் பிடிக்கும். ஆனால் பாட்டு பீப்பை மூழ்கடிக்கக் கூடாது. நோயாளியால் பேச முடியாத அந்த நேரத்தில் அவர் சார்பில் பேசுவது அது ஒன்றுதான்.

பேசினால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும். இங்கிலாந்தில் 2005-ல் ஒரு பெண்ணுக்கு சாதாரண சைனஸ் ஆபரேஷன். மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுப்பாதையைக் கைக்குக் கொண்டுவர முடியவில்லை. சில நிமிடங்களில் சாச்சுரேஷன் 40 அளவுக்கு இறங்கியது. அறையில் அனுபவமுள்ள டாக்டர்கள் இருந்தார்கள். எண்ணும் திரையில் இருந்தது. ஆனால் குழாயைச் செலுத்தும் முயற்சியிலேயே எல்லோர் கவனமும் பூட்டிக்கொண்டது, நேரம் போனதே தெரியவில்லை. ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் செட்டைக் கொண்டுவந்து தயாராக இருக்கிறது என்று சொன்னார். அது பயன்படுத்தப்படவில்லை. அந்தப் பெண் நினைவு திரும்பாமலே இறந்தார். கணவர் மார்ட்டின் பிரோமிலி ஒரு விமானி. யாரையும் தண்டிக்கக் கேட்காமல், விமானத் துறையில் விபத்தை ஆராய்வதைப் போல இதை ஆராயச் சொன்னார். மனித இயல்பால் வரும் இப்படிப்பட்ட பிசகுகளைப் பற்றி டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்க 2007-ல் ஓர் அமைப்பையே தொடங்கினார். என் மாணவர்களுக்கு நான் இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். அப்புறம் சிஸ்டர்களிடமும் சொல்வேன்: "சாச்சுரேஷன் இறங்குதுன்னா எண்ணைச் சத்தமாச் சொல்லுங்க. நான் என்ன செஞ்சிட்டு இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க."

கருவி பொய் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. தினசரி நடக்கும் கூத்து இது: "மேடம், சாச்சுரேஷன் வரலை." திரும்பிப் பார்த்தால் பிபி கஃப்பும், ஆக்சிமீட்டரின் விரலில் மாட்டும் பகுதியான ப்ரோப்பும் ஒரே கையில் இருக்கும். கஃப் இறுக்கும்போது விரலுக்கு ரத்தம் போகாது, துடிப்பு இல்லை, எண்ணும் இல்லை. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட பிறகு சில தாய்மார்களுக்கு நடுக்கம் வரும். அந்த ஆட்டத்தைக் கருவி துடிப்பு என்று நினைத்துக்கொள்ளும். "கையை ஆட்டாம வைம்மா, போர்வை போடச் சொல்றேன்" என்று சொல்லி, எண்ணை விட்டுவிட்டு அலையின் வடிவத்தைப் பார்ப்போம். ஒழுங்கான அலை இல்லாமல் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஏசி குளிரில் விறைத்த விரல், ரத்தக் கசிவை மின்சாரத்தால் சுட்டு அடைக்கும் காட்டரியை சர்ஜன் வைக்கும்போது வரும் இரைச்சல், கறுப்பாகப் பூசிய நகப்பூச்சு, ரத்த அழுத்தம் சரிந்து கைகால் சுருங்கிக் கிடப்பது என்று பட்டியல் நீளும். கல்யாணம் முடிந்த கையோடு அப்பெண்டிசைட்டிஸ் வந்து படுக்கும் புதுப்பெண்ணின் விரல் முழுக்க அடர்ந்த மருதாணி இருந்தால் நான் யோசிக்காமல் ப்ரோப்பைக் காதுமடலுக்கு மாற்றிவிடுவேன்.

இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். தெரியாதவைதான் ஆபத்து. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்க மெத்திலீன் புளூ சாயம் செலுத்துவார்கள். அது சிவப்பு ஒளியை அள்ளிக் குடித்துவிடுவதால், நோயாளி நன்றாக இருக்கும்போதே எண் சடாரென்று இறங்கலாம். தீ விபத்தில் புகையைச் சுவாசித்தவரிடம் இதற்கு நேர் எதிர். கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினை இந்தக் கருவி ஆக்சிஜன் பிடித்தது என்றே எடுத்துக்கொள்ளும். திரையில் 98, உள்ளே மூளை பட்டினி. தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் போன்ற மருந்துகளால் ஹீமோகுளோபின் உருமாறிப்போனால், எண் 85-ஐ ஒட்டியே நின்றுவிடும். ஆக்சிஜனைக் கூட்டினாலும் ஏறாது.

இன்னொன்று. இந்தக் கருவி ஆக்சிஜனைச் சொல்லும், மூச்சைச் சொல்லாது. ரெக்கவரி வார்டில் மாஸ்க்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும் நோயாளி அரைகுறையாகத்தான் மூச்சு விடுகிறார் என்றாலும் சாச்சுரேஷன் 98 காட்டும். உள்ளே கரியமிலவாயு ஏறிக்கொண்டே இருக்கும். குழாய் மூச்சுக்குழாய்க்குப் பதிலாக உணவுக்குழாய்க்குள் போய்விட்டால் நிமிடக்கணக்கில் எண் அசையாமல் இருக்கலாம், முன்னால் நிரப்பிவைத்த ஆக்சிஜன் அப்படித் தாங்கும். அதைச் சில மூச்சுக்குள் காட்டிக்கொடுப்பது கேப்னோகிராஃப், அதாவது வெளிமூச்சில் வரும் கரியமிலவாயுவை அளக்கும் கருவி. நுரையீரலில் நடந்த மாற்றம் விரல்நுனிக்கு வந்து சேரவும் நேரம் பிடிக்கும். காதில் சீக்கிரம், விரலில் அரை நிமிடம் போல, குளிர்ந்த கால்விரலில் அதைவிடத் தாமதம். திரையில் 91 என்று பார்க்கும்போது நோயாளி ஏற்கெனவே அதைவிடக் கீழே இருக்கலாம் என்ற நினைப்போடுதான் நாங்கள் கை வைக்க வேண்டும்.

சரி, இது வந்ததால் உயிர்கள் பிழைத்தனவா? நேர்மையாகச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் மோலரும் குழுவினரும் 20,802 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆக்சிமீட்டரோடும் மற்றவர்களுக்கு அது இல்லாமலும் மயக்கம் கொடுத்து 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். கருவி இருந்த பக்கத்தில் ஆக்சிஜன் குறைவு 19 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் இறப்பிலும் பெரிய பாதிப்புகளிலும் இரு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைக் காட்டி "அப்படியென்றால் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் ஏற்புடையதல்ல. மயக்கத்தில் ஆக்சிஜன் இல்லாமல் இறப்பது, நல்லவேளையாக, அரிது. அரிதான ஒன்றைத் தடுத்ததை எண்ணிக் காட்ட இருபதாயிரம் பேர் போதாது. அந்தச் சோதனை நடந்தது தேர்ந்த டாக்டர்களும் நல்ல கருவிகளும் நிறைந்த மருத்துவமனைகளில். மயக்க மருந்துக்கென்று தனி டாக்டரே இல்லாத, ஆக்சிஜன் சிலிண்டர் எப்போது தீரும் என்று தெரியாத சின்ன ஊர்த் தியேட்டரின் கதை வேறு. அமெரிக்க மயக்கவியல் சங்கம் இந்த முடிவுக்கெல்லாம் காத்திருக்கவில்லை, 1990-லிருந்தே ஆக்சிமீட்டரைத் தன் அடிப்படைத் தரத்தில் சேர்த்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்கம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று: ஆக்சிமீட்டர் நோயாளியின் மேல் இருக்கிறதா, வேலை செய்கிறதா? ஆனாலும் உலகில் சுமார் 77,700 தியேட்டர்களில் அந்தக் கருவியே இல்லை என்று 2010-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அந்தக் குறையைப் போக்கத்தான் 2011-ல் லைஃப்பாக்ஸ் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கப்பட்டது.

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்வி. திரையில் தெரியும் எண்ணைக் கருவி நேரடியாக அளப்பதில்லை. ப்ரோப்பில் இரண்டு எல்.இ.டி.கள் உண்டு: சுமார் 660 நானோமீட்டரில் சிவப்பு, சுமார் 940-ல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அவை ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை மாறி மாறி எரிந்து அணைகின்றன. இரண்டிலும் துடிக்கும் பங்கு எவ்வளவு என்று பார்த்து ஒரு விகிதத்தைக் கருவி கணக்கிடுகிறது. அந்த விகிதம் 1 என்றால் சாச்சுரேஷன் சுமார் 85. இந்தப் பொருத்தம் எங்கிருந்து வந்தது? ஆய்வுக்கூடத்தில் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, 70 வரை இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனி ரத்தம் எடுத்து ஒப்பிட்டு எழுதிவைத்த அட்டவணையிலிருந்து. 70-க்குக் கீழே கருவி காட்டுவது அந்த அட்டவணையை ஊகமாக நீட்டிப் பார்த்த எண் மட்டுமே. ஆக, என் மேஜையில் படுத்திருக்கும் அம்மாவின் 94 என்பது, எங்கோ யாரோ சிலரின் ரத்தத்தை வைத்துச் சொல்லப்படும் 94.

யார் அந்தச் சிலர்? மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பத்துப் பேர் போதும். அவர்களில் குறைந்தது இரண்டு பேர், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம், இதில் எது அதிகமோ அத்தனை பேர் கறுத்த தோலுடையவர்களாக இருக்க வேண்டும். கொள்கைப்படி தோல் துடிக்காத பகுதி என்பதால் அதன் நிறம் கணக்கில் கழிந்துபோக வேண்டும். நடைமுறையில் முழுவதும் கழிவதில்லை. கறுத்த தோலில் சாச்சுரேஷன் இறங்க இறங்க கருவி கூடுதலாகக் காட்டுகிறது என்று சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 2005-லேயே எழுதினார்கள். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கொரோனா ஆண்டான 2020-ன் டிசம்பரில் மிச்சிகனிலிருந்து ஸ்ஜோடிங்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்குதான் உலுக்கியது. ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தைப் பார்த்தபோது, உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம்.

அந்த ஆய்வு அமெரிக்க நோயாளிகளைப் பற்றியது, அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் என் நோயாளிகளின் விரல்களைப் பாருங்கள். வெயிலில் நாற்று நட்டவை, உப்பளத்தில் வாரியவை, கட்டடத்தில் செங்கல் சுமந்தவை. மாநிறத்திலிருந்து நல்ல கறுப்பு வரை எல்லா நிறமும் ஒரே நாளில் என் மேஜைக்கு வருகின்றன. இவர்களுக்கு இந்த எண்ணில் பிழை எவ்வளவு என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு, கடமையும் உண்டு. எஃப்.டி.ஏ. 2025 ஜனவரியில் புதிய வரைவை வெளியிட்டது. பத்துப் பேருக்குப் பதிலாக 150 பேராவது வேண்டும் என்கிறது. சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துப் படித் தோல்நிற அளவுகோலை மூன்று பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது கால்வாசிப் பேர் இருக்க வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அது அமெரிக்காவில் விற்கப்படும் கருவிகளுக்கு.

நான் செய்யக்கூடியதைச் செய்கிறேன். கறுத்த தோலுள்ள நோயாளியிடம் 92, 93 என்று வந்தால் அதை 92 என்று நம்பி உட்கார்ந்திருப்பதில்லை, தமனி ரத்தம் எடுத்துப் பார்க்கிறேன். எண்ணைவிட, மயக்கத்துக்கு முன் இருந்த அளவிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கவனிக்கச் சொல்லி மாணவர்களுக்குச் சொல்கிறேன். புது மானிட்டர் வாங்கும் பேச்சு வந்தால், நிறுவனத்துப் பிரதிநிதியிடம் வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்கிறேன்: "தம்பி, இந்த ப்ரோப்பை எத்தனை பேர்கிட்ட சோதிச்சாங்க? அவங்கள்ல எங்க நிறத்துக்காரங்க எத்தனை பேர்? அந்த ரிப்போர்ட்டை எழுத்துல குடுங்க." பெரும்பாலும் தெரியாது, ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். கேட்டுச் சொல்லட்டும். இதைப் படிக்கும் டாக்டர்களும் மருத்துவமனைக்குக் கருவி வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களும் அடுத்த கொள்முதலின்போது அதே கேள்வியை எழுத்திலேயே கேட்டுவையுங்கள்.